லவ்: எழுபதுகளைக் கலக்கிய டச்சுப் பெண்கள் மூவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபா, போனி எம் பாட்டுகளைக் கேசட் தேயத் தேயக் கேட்டவர்களுக்குக்கூட இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் பழைய ஐரோப்பிய டிஸ்கோவைத் தேடி யூடியூபில் இறங்கினால், பளபளக்கும் உடையில் இடுப்பை ஒரே தாளத்தில் ஆட்டிக்கொண்டு மூன்று பெண்கள் கட்டாயம் எதிர்ப்படுவார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

யார் இந்த லவ்?

நெதர்லாந்தைச் சேர்ந்த பெண்கள் மூவர் குழு, ஆங்கிலத்தில் Luv' என்று எழுதுவார்கள். 1977-இல் முதல் இசைத்தட்டு வந்தது, 1981-இல் குழு கலைந்தது. நடுவில் இருந்த நான்கே ஆண்டுகளில் சொந்த நாட்டில் இரண்டு பாட்டுகள் முதலிடம், ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஒரு பாட்டு முதலிடம். பாடியதெல்லாம் ஆங்கிலத்தில். அந்தக் காலத்து டச்சு பாப் குழுக்களுக்கு அது வழக்கம்தான். ஒன்றரைக் கோடிக்கும் குறைவான மக்கள் இருந்த நாட்டில் டச்சு மொழியில் பாடினால் சந்தை எல்லையோடு நின்றுவிடும்.

மூவரும் யார் யார்?

ஜோசே ஹூபே, மார்கா ஸ்கைட, பேட்டி பிரார்ட். ஜோசே 1954-இல் தெற்கே பிராபன்ட் மாகாணத்தின் பெஸ்ட் என்ற ஊரில் பிறந்தவர். மார்கா அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில்.

பேட்டியின் பிறப்பிடம்தான் பலரை நிமிர்ந்து பார்க்க வைக்கும். 1955-இல் சோரோங் நகரில் பிறந்தார். இன்று இந்தோனேசியாவின் பப்புவா பகுதியில், நியூகினித் தீவின் மேற்கு முனையில் இருக்கும் துறைமுகம் அது. இந்தோனேசியாவை 1949-இல் விட்டுக்கொடுத்த டச்சுக்காரர்கள் மேற்கு நியூகினியை மட்டும் 1962 வரை கையில் வைத்திருந்தார்கள். இந்த இரண்டு இடங்களையும் விட்டு வந்த காலத்தில், காலனி நாட்களில் அங்கே வேரூன்றிய கலப்புக் குடும்பங்கள் ஏராளமானவை நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தன. டச்சு பாப் இசையின் கதையை இவர்களை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. ஐம்பதுகளில் கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசித்து ஐரோப்பாவை வாய் பிளக்க வைத்த டீல்மன் பிரதர்ஸ் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். சுலவேசித் தீவில் பிறந்த ஆனெக்கே கிரோன்லோ அறுபதுகளின் பெரிய பாடகி. பேட்டியும் அந்த வரிசையில் வருகிறவர்தான், பாட்டில் அதன் சாயல் எதுவும் இல்லாவிட்டாலும்.

குழு எப்படி உருவானது? நண்பர்களா?

இல்லை. ஆள் எடுத்துச் சேர்த்த குழு. ஹான்ஸ் வான் ஹேமர்ட் என்ற தயாரிப்பாளர், மூன்று பெண்கள் பாடும் குழு ஒன்று வேண்டும் என்று நினைத்தார், அதற்கு ஆள் தேடினார்.

வான் ஹேமர்ட் அப்போதே பெரிய கை. மௌத் அண்ட் மெக்நீல் என்ற ஆண்-பெண் ஜோடிக்கு அவர் போட்ட 'ஹௌ டு யூ டூ' 1972-இல் அமெரிக்காவிலேயே முதல் பத்துக்குள் போன பாட்டு. லவ் குழுவுக்கு அவரும், இசைக்கோர்ப்பாளர் பீட் சூரும் சேர்ந்து எழுதினார்கள். இசைத்தட்டு லேபிளில் எழுதியவர் பெயரைப் பார்த்தால் 'யான்ஷன் அண்ட் யான்ஷன்ஸ்' என்று இருக்கும். இவர்கள் இருவரின் புனைபெயர்தான் அது. டின்டின் காமிக்ஸில் வரும் இரட்டைத் துப்பறிவாளர்களை டச்சு வாசகர்கள் யான்சன், யான்சன் என்றுதான் அறிவார்கள். அந்தக் கிண்டல்தான் பெயரில் இருக்கிறது.

ஆக மெட்டு, வரி, வாத்திய அமைப்பு எல்லாம் அந்த இரண்டு ஆண்கள் கையில். மூன்று பெண்கள் குரலும் முகமும் ஆட்டமும் தந்தார்கள். இதைச் சொல்லி லவ்வை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று: நம் சினிமாப் பாட்டில் பாடகி மெட்டுப் போட்டாரா என்று யாரும் கேட்பதில்லை.

முதல் பாட்டே ஹிட்டா?

ஓரளவு. 1977-இல் வந்த 'மை மேன்' டச்சு டாப் 40 பட்டியலில் பன்னிரண்டாம் இடம் வரை ஏறியது. அடுத்து வந்த 'ட்ரீம், ட்ரீம்' பெரிதாக எடுபடவில்லை. இரண்டாவது தட்டிலேயே சறுக்கிய குழுக்கள் பல அதோடு காணாமல் போயிருக்கின்றன. இவர்களைக் காப்பாற்றியது தொலைக்காட்சி.

'வால்டோலாலா' என்று ஒரு பாட்டின் பெயரோடு வருகிறதே, அது என்ன?

இந்தக் குழுவின் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

டச்சுத் தொலைக்காட்சியில் அப்போது ஒவ்வொரு சமூகப் பிரிவுக்கும் தனித்தனி ஒளிபரப்புச் சங்கம் இருந்தது. கத்தோலிக்கருக்கு ஒன்று, சோஷலிஸ்டுகளுக்கு ஒன்று, புராட்டஸ்டன்டுகளுக்கு ஒன்று. எல்லாரும் அதே அலைவரிசைகளில் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இதில் விபிஆர்ஓ என்பது தாராளப் போக்குள்ள புராட்டஸ்டன்ட் பாதிரிமார்கள் தொடங்கிய சங்கம். அறுபதுகளின் பின்பாதியில் அது இளைஞர்கள் கைக்குப் போய்த் தலைகீழாக மாறிவிட்டது. 1967-இல் அதன் 'ஹூப்லா' நிகழ்ச்சியில் ஒரு பெண் ஆடையின்றிச் செய்தித்தாள் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டச்சுத் தொலைக்காட்சியில் அதுதான் முதல் முறை. நாடாளுமன்றம் வரை கேள்வி போனது.

'ஹூப்லா'வை உருவாக்கியவர்களில் ஒருவரான விம் டி. ஸ்கிப்பர்ஸ் 1978-இல் விபிஆர்ஓவுக்காக இன்னொரு நகைச்சுவைத் தொடர் எடுத்தார். முதிய நடிகர் டோல்ஃப் பிரௌவர்ஸ் அதில் வால்டோ வான் டுங்கன் என்ற பாத்திரம். வால்டோவின் இரவு விடுதியின் பெயர்தான் வால்டோலாலா. தொடருக்கு வேறு பெயர் இருந்தும் மக்கள் வாயில் இந்தப் பெயரே நின்றது. பெரியவர்கள் முகம் சுளித்துக்கொண்டே பார்த்த தொடர்.

அதற்கு லவ் பாடிய பாட்டு 'யூ ஓ மீ'. விடுதிக்கு வரவேற்கும் பாட்டு. விபிஆர்ஓ பார்க்கிறவர்கள் படித்த, குறும்பான கூட்டம். பளபளா டிஸ்கோவை அவர்கள் சாதாரணமாகச் சீண்டவே மாட்டார்கள். அவர்கள் கிண்டலாகக் கேட்டார்கள், பள்ளிப் பிள்ளைகள் நிஜமாகவே கேட்டார்கள், தட்டு மூன்றாம் இடம் வரை போனது. அதற்குப் பிறகு லவ் எது வெளியிட்டாலும் நாடு கவனித்தது.

1978-இல் என்ன நடந்தது?

அந்த ஆண்டின் பின்பாதி முழுக்க இவர்களுடையது. 'யூ ஆர் தி கிரேட்டஸ்ட் லவர்' நெதர்லாந்தில் முதலிடம், பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் முதலிடம், பிறகு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து.

ஜெர்மன் முதலிடத்தின் எடை புரிய வேண்டுமானால் அந்த ஆண்டு அங்கே யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். போனி எம்மின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' 17 வாரம் இடத்தை விடவில்லை. அதன் பின்னால் 'கிரீஸ்' படத்திலிருந்து ஜான் டிரவோல்டா, ஒலிவியா நியூட்டன்-ஜான் பாடிய ஜோடிப் பாட்டு. இவர்கள் எழுந்த இடத்தில் போய் உட்கார்ந்ததுதான் லவ். ஐரோப்பாவின் மிகப் பெரிய இசைத்தட்டுச் சந்தைகளில் ஜெர்மனி ஒன்று. நெதர்லாந்தில் முதலிடம் வாங்கினால் பெயர் கிடைக்கும், ஜெர்மனியில் வாங்கினால் பணம் கிடைக்கும் என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

அதே ஆண்டின் கடைசியில் 'ட்ரோஜன் ஹார்ஸ்' வந்தது, சொந்த நாட்டில் மறுபடியும் முதலிடம். கிரேக்கப் புராணத்து மரக்குதிரையைக் காதலுக்கு இழுத்து வந்த பாட்டு. வரிகளில் ஆழம் தேடாதீர்கள், அதற்காக எழுதப்பட்டதில்லை.

நிஜமாகவே பாடினார்களா? வீடியோவில் வெறும் வாயசைப்பு போலத் தெரிகிறதே?

வாயசைப்புதான், ஆனால் அவர்கள் குற்றமில்லை. இணையத்தில் கிடைக்கும் வீடியோக்களில் பல 'டாப்பாப்' என்ற டச்சு நிகழ்ச்சியிலிருந்து வந்தவை. ஆவ்ரோ என்ற சங்கம் 1970 முதல் 1988 வரை ஒளிபரப்பியது, வாரா வாரம் ஹிட் பாட்டுகள். அங்கே இசைத்தட்டை ஓடவிட்டுத்தான் எல்லாரும் ஆடுவார்கள், உள்ளூர்க் குழுவானாலும் உலக நட்சத்திரமானாலும்.

ஒரு வீடியோவை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மூவரும் ஒரே அடியைத்தான் வைக்கிறார்கள், ஆனால் ஒரே மாதிரி வைப்பதில்லை. கருங்கூந்தல் பேட்டி கேமராவை நேராகப் பார்த்துச் சவால் விடுவது போல ஆடுவார். பொன்னிறக் கூந்தல் மார்காவிடம் ஒரு விளையாட்டுத்தனம். ஜோசே அடக்கம், பாட்டின் மேல் கவனம். மெட்டை மறந்துவிட்டவர்களுக்குக்கூட 'அந்தக் கறுப்பு முடிக்காரி' நினைவிருக்கிறாள் என்றால் காரணம் இதுதான். வான் ஹேமர்ட் எத்தனை கணக்குப் போட்டிருந்தாலும் இதை எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

இவர்கள் ஆபாவின் நகல்தானே?

பாதி ஆம். வான் ஹேமர்ட்டுக்கும் ஆபாவுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1974-இல் பிரைட்டனில் நடந்த யூரோவிஷனில், அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான பாட்டுப் போட்டியில், நெதர்லாந்துக்காக மௌத் அண்ட் மெக்நீல் பாடியது அவர் மெட்டு. மூன்றாம் இடம். அன்றைக்கு ஜெயித்தது 'வாட்டர்லூ' பாடிய ஆபா. அந்த ஓசை ஐரோப்பாவில் எவ்வளவு தூரம் போகும் என்பதை அவர் அரங்கத்திலேயே பார்த்துவிட்டார்.

மீதிப் பாதி போனி எம், பக்காரா, சில்வர் கன்வென்ஷன் போன்ற டிஸ்கோ குழுக்களின் பக்கம் சாய்கிறது. ஆபாவில் எழுதியவர்களும் மேடையில் நின்றார்கள், சோகம் கலந்த பாட்டுகள் நிறைய. லவ் பாட்டில் சோகத்துக்கு இடமே கிடையாது. நடைபோடும் தாளம், எதிரில் நிற்கும் ஆணைச் சீண்டும் வரி, இரண்டாம் முறையே கூடப் பாட வைக்கும் பல்லவி. 'கேசனோவா', 'ஈனி மீனி மைனி மோ' என்று தலைப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆபா அளவுக்கு ஆல்பம் முழுக்க உட்கார்ந்து கேட்க முடியாது என்பது என் அபிப்பிராயம். நாலு பாட்டு என்றால் தாராளமாகக் கேட்கலாம்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஏன் எடுபடவில்லை?

பிரிட்டனில் ஒரு பாட்டும் டாப் 40-க்குள் போகவில்லை. டச்சுக் குழு என்பதால் அப்படி என்று சொல்லிவிட முடியாது. ஷாக்கிங் ப்ளூவின் 'வீனஸ்' 1970-இல் அமெரிக்காவில் முதலிடம். லிம்பர்க் மாகாணத்தின் மூன்று சகோதரிகள் முன்னால் நின்ற புஸ்ஸிகேட் குழுவின் 'மிஸிஸிப்பி' 1976-இல் பிரிட்டனில் முதலிடம். ஆனால் 'வீனஸ்' ராக், 'மிஸிஸிப்பி' அமெரிக்கக் கன்ட்ரி வாசனை கொண்டது. லவ் பாட்டின் தாளத்தில் ஜெர்மன் கொண்டாட்டக் கூடாரத்தின் வாசனை தூக்கலாக இருந்தது. மியூனிக்கில் கைதட்டினார்கள், லண்டனில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எந்தெந்த ஆல்பங்கள்?

நான்கு. 'வித் லவ்' (1978), 'லாட்ஸ் ஆஃப் லவ்' (1979), 'ட்ரூ லவ்' (1979), 'ஃபாரெவர் யுவர்ஸ்' (1980). முதல் இரண்டு பிலிப்ஸ் லேபிளில். 1979 நடுவில் குழு பிலிப்ஸை விட்டு சிஎன்ஆர் நிறுவனத்துக்கு மாறியது. வெளிநாடுகளில் பிரெஞ்சு நிறுவனமான கரேர் பார்த்துக்கொண்டது. மாறிய கையோடு வந்த 'ஊ, யெஸ் ஐ டூ' நன்றாகவே ஓடியது.

பேட்டி ஏன் விலகினார்? ரியா யார்?

1980 ஆகஸ்டில் பேட்டி வெளியேறித் தனியாகப் பாடப் போனார். அந்த இடத்துக்கு வந்தவர் ரியா தில்ஷ். ரியாவோடு வந்த 'மை நம்பர் ஒன்' நல்ல ஹிட். பாட்டாகப் பார்த்தால் பழைய பாட்டுகளுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆனாலும் என்னவோ இறங்கியது. டிஸ்கோ அலையே அடங்கிக்கொண்டிருந்தது. ஆறு பெண்கள் கொண்ட டாலி டாட்ஸ் என்ற இளைய குழு பள்ளிப் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நான்கு ஆண்டு ஓட்டமும் களைப்பும் வேறு. 1981-இல் குழு கலைந்தது.

அதற்குப் பிறகு மூவரும் என்ன ஆனார்கள்?

இங்கேதான் பலர் எதிர்பார்க்காத திருப்பம். அடக்கமானவர் என்று சொன்னேனே, அந்த ஜோசேதான் முதலில் ஜெயித்தார். 1982-இல் தனியாகப் பாடிய 'ஐ வில் ஃபாலோ ஹிம்' நெதர்லாந்தில் முதலிடம். 1963-இல் லிட்டில் பெக்கி மார்ச் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அதே பாட்டு. பிறகு பாடகி பானி செயின்ட் கிளேரோடு ஜோடி சேர்ந்து ஆபா பாட்டுகளை டச்சில் பாடினார். ஆபா நகல் என்று கேலிக்கு ஆளான குழுவிலிருந்து வந்தவர் நேராக ஆபா பாட்டுகளையே பாடியது சுவாரசியம்தான்.

பேட்டி பாடகியாக எண்பதுகளைக் கடத்தினார், ஆனால் அவருடைய நிஜ வாழ்க்கை தொலைக்காட்சியில். நிகழ்ச்சித் தொகுப்பாளர், நடுவர், பிரபலங்கள் பற்றிய செய்தி நிகழ்ச்சியில் வாய்க்கு வந்ததைப் பேசும் விமர்சகர். 2000-களில் தன் குடும்ப வாழ்க்கையையே 'பேட்டிஸ் போஸி' என்று ரியாலிட்டித் தொடராக்கினார். இன்றைய டச்சு இளைஞர் ஒருவரிடம் பேட்டி பிரார்ட் யார் என்று கேட்டால் தொலைக்காட்சிக்காரர் என்றுதான் பதில் வரும். பாடினாராமே என்பது இரண்டாவதாக வரும்.

மார்கா லவ் என்ற பெயரை விடவில்லை. 1989-இல் வேறு இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு 'லவ் 89' என்ற பெயரில் பாடினார்.

பழைய மூவரும் மறுபடி சேர்ந்தார்களா?

சேர்ந்தார்கள், பிரிந்தார்கள், மறுபடி சேர்ந்தார்கள். 1993-இல் 'லவ் கோல்டு' தொகுப்பும் ஹிட்டுகளைக் கோத்த ஒரு மெகாமிக்ஸும் வந்தபோது மூவரும் ஒன்றாக வந்தார்கள். 2006-இல் எல்லாப் பாட்டுகளையும் அடக்கிய 'கம்ப்ளீட்லி இன் லவ்' பெட்டித் தொகுப்பு. பின்னாளில் பேட்டி மறுபடி விலக, ரியா மறுபடி வந்தார். யார் எப்போது உள்ளே, யார் வெளியே என்று கணக்கு வைப்பது ரசிகர் மன்றத்து வேலை.

இதே மாதிரி வேறு டச்சுப் பெண் மூவர் குழுக்கள் உண்டா?

முக்கியமாக இரண்டு. எண்பதுகளின் மை டை: ஜெட்டி வீல்ஸ், மில்ட்ரெட் டக்ளஸ், கரோலின் டி விண்ட். எரிக் வான் டைன், யோகெம் ஃப்ளூயிட்ஸ்மா என்ற தயாரிப்பாளர் இரட்டையர் இவர்களுக்குப் பாட்டுப் போட்டார்கள். 1985-இல் 'ஹிஸ்டரி', 'பாடி அண்ட் சோல்' இரண்டும் பிரிட்டனின் முதல் பத்துக்குள் போயின. லவ்வால் திறக்க முடியாத கதவு அது. குரல் வளம் என்று பார்த்தால் மை டைக்குப் பக்கத்தில் லவ்வை நிறுத்த முடியாது, ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று ஓஜீன். லிசா, ஏமி, ஷெல்லி என்ற வால் சகோதரிகள். ஏமியும் ஷெல்லியும் இரட்டையர். 2007-இல் சிறுமிகளாக ரோட்டர்டாமில் ஜூனியர் யூரோவிஷன், 2014-இல் 'தி வாய்ஸ் ஆஃப் ஹாலந்து' வெற்றி, 2017-இல் கீவ் நகரில் யூரோவிஷன். அங்கே பதினோராம் இடம். மூன்று குரலும் ஒன்றாகப் பின்னி வரும் இசைதான் இவர்கள் பலம். கீவில் பாடிய பாட்டு நோயுற்ற தாயைப் பற்றியது, தந்தையும் சேர்ந்து எழுதியது. நடுவர்கள் தாராளமாக மதிப்பெண் போட்டார்கள், பார்வையாளர் வாக்குத்தான் காலை வாரியது. லவ்வுக்கு எப்போதும் நேர் எதிர்: மக்கள் தூக்கிக் கொண்டாடினார்கள், விமர்சகர்கள் சீண்டவில்லை.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

'யூ ஆர் தி கிரேட்டஸ்ட் லவர்' முதலில். பிடித்தால் 'ட்ரோஜன் ஹார்ஸ்', 'கேசனோவா'. பிடிக்காவிட்டால் மேலே போக வேண்டாம், மீதியும் அதே ஜாதிதான். 'வால்டோலாலா' பாட்டைக் கேட்பதைவிடப் பார்ப்பது நல்லது.

'யூ ஆர் தி கிரேட்டஸ்ட் லவர்' மெட்டை வேறு எங்கோ கேட்டது போல இருக்கிறதே?

2000-இல் வந்த 'லத்தீனோ லவர்' ஆக இருக்கும். ஜெர்மனியில் 'பைலாண்டோ' பாடிப் புகழ் பெற்ற டச்சுப் பாடகி லூனா, லவ்வின் அதே பாட்டைப் புதுத் தாளத்தில் பாடியது.